கூடப் பாடாதீர்கள்

இந்தப் பெட்டியை யார் இங்கே மாட்டினார்களோ தெரியவில்லை. ஒப்பனை அறையின் மூலையில், பிள்ளையார் படத்துக்கு மேலே, சாம்பல் நிறத்தில் ஒரு ஒலிபெருக்கி. மேடையில் நடப்பதெல்லாம் அதில் கேட்கிறது, அரங்கில் யார் இருமினாலும் கேட்கிறது. நான் கடைசிக் காட்சிக்குத்தான் போக வேண்டும். அதுவரை நரைமுடி டோப்பாவை மாட்டிக்கொண்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். என் தலையில் சொந்த நரை ஏகத்துக்கு இருக்கிறது, சாயத்துக்கு அடியில். அதை மறைத்துவிட்டு அதற்கு மேல் பொய் நரையை ஒட்டியிருக்கிறார்கள். என் விஷயத்தில் எல்லாமே இப்படித்தான், என்னிடம் இருப்பதை மூடிவிட்டு இன்னொருத்தியுடையதை வாங்கி மேலே வைப்பார்கள். ஜெயக்கொடி டோப்பாவின் ஓரத்தில் பசை தடவிக்கொண்டே, "அசையாதீங்கம்மா, நெத்தியெல்லாம் வேர்வை, ஒட்டவே மாட்டேங்குது," என்கிறாள். ஏசி ஓடுகிறது, ஆனாலும் வேர்க்கிறது. பயமா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் பயம்தான், வேறு எதுவும் இல்லை. இடைவேளை முடிந்து மேடையில் மிருதுளா படிக்கட்டுப் பாட்டை எடுக்கிறாள், சின்னப் பெண், குரலில் ஒரு பிசிறு கிடையாது. பல்லவி முடிவதற்குள், முதல் பாதியில் கேட்ட அந்தச் சத்தம் மறுபடி பெட்டிக்குள் கலக்கிறது. முதலில் ஏசி இரைச்சல் என்று நினைத்தேன், பிறகு மழையோ என்று நினைத்தேன். ரெண்டும் இல்லை. ஜனங்கள்தான், கூடப் பாடுகிறார்கள்.

கூடப் பாடினால் நல்லதுதானே என்கிறார் செல்வநாயகம். இந்த நாடகத்துக்குப் பணம் போட்டிருக்கிறவர். இடைவேளையில் எட்டிப் பார்த்தார், பட்டுச் சட்டை, முகமெல்லாம் பல். "மேடம், ஹவுஸ்ஃபுல். ஜனம் பாடுது கேட்டீங்கல்ல? நான் அப்பவே சொன்னேனே, படம் தெரிஞ்ச படம், பாட்டு தெரிஞ்ச பாட்டு. இது ஓடும் மேடம்." ஓடுமா ஓடாதா என்பதுதான் இத்தனை மாதமாக எல்லோருக்கும் பேச்சு. டிவியில் வாரா வாரம் போடுகிற படத்தை மேடையில் போட்டால் எவன் டிக்கெட் எடுப்பான் என்றார்கள். கடலை எப்படிக் காட்டுவீர்கள், படகு கவிழ்வதை எப்படிக் காட்டுவீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் துளைத்தார்கள். நீலத் துணியை ரெண்டு பக்கமும் பிடித்து ஆட்டித்தான் காட்டுகிறோம், வேறென்ன செய்வது. என்னிடம் கேட்க வேண்டியதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. 'கலங்கரை வீடு' படத்தில் செங்கமலமாக நடித்தவள் நான். விளக்குக்காரர் மகள் செங்கமலம், கடலுக்குப் போனவன் திரும்பும்வரை விளக்கை அணைய விடாமல் காத்துக்கிடப்பவள். இப்போது இளம் செங்கமலம் மிருதுளா, கடைசியில் வருகிற கிழட்டுச் செங்கமலம் நான். படத்தின் உயிரே அந்தக் கடைசிப் பாட்டுதான், 'கண்ணசராதே விளக்கே'. விளக்குக்குப் பாடுகிற தாலாட்டு, தூங்காதே தூங்காதே என்று பாடுகிற தாலாட்டு. அதை இன்றைக்கு நான் பாட வேண்டும், என் சொந்தத் தொண்டையால். நான் ஒரு படத்திலும் ஒரு வரி பாடியதில்லை. பாடுவதை விடுங்கள், ஒரு வார்த்தை பேசியதில்லை. முப்பது படத்துக்கு மேல் நடித்திருக்கிறேன், அத்தனையும் இரவல் குரல்.

என் குரல் அப்படி. போனில் கேட்பவர்கள் வாட்ச்மேன் என்றுதான் நினைப்பார்கள். நானும் அந்த வசதியை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன், 'அம்மா வெளிய போயிருக்காங்க' என்று நானே சொல்லி வைத்துவிடுவேன். இந்த நாடகத்தின் டைரக்டர் திருமாறன் முதல் முதலாகக் கூப்பிட்டபோதும் "அண்ணே, மேடம் இருக்காங்களா?" என்றுதான் கேட்டான். என்ன தோன்றியதோ, நான்தான் மேடம், சொல்லுங்க என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "மேடம், எனக்கு இந்தக் குரல்தான் வேணும். இத்தனை வருஷம் உப்புக்காத்துல நின்னவளுக்கு வேற எப்படிக் குரல் இருக்கும்?" அன்று போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் குரல் வேண்டும் என்று ஒரு மனிதன் கேட்டது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் எல்லாம் அதைக் கேட்டுச் சிரித்தவர்கள். முதல் படம், முதல் பாட்டு, மகாபலிபுரம் கடற்கரை, காலைச் சுடுகிற மணல். நாக்ரா என்று ஒரு மெஷின், பதிவான பாட்டை அதில்தான் ஓட விடுவார்கள், அது பாடப் பாட நாம் வாயசைக்க வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் டான்ஸ் மாஸ்டர் 'லிப் போச்சு, லிப் போச்சு' என்று கத்துவார். கழுத்து நரம்பு தெரியட்டும், கூடவே சத்தம் போட்டுப் பாடு என்றார், பாடினேன். யூனிட்டே சிரித்தது. குடை பிடித்துக்கொண்டிருந்தவர் சிரித்த சிரிப்பில் குடை சரிந்து என் தலையில் வெயில் விழுந்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை, கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார், "பாப்பா, நாக்ரா ஓட ஆரம்பிச்சதும் தொண்டையப் பூட்டிடு. நரம்பு வரட்டும், மூச்சு வரட்டும், சத்தம் வரக் கூடாது." பூட்டக் கற்றுக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நின்று நின்று பழகினேன், நெஞ்சு ஏறி இறங்கும், நரம்பு புடைக்கும், ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு சரியாகப் பிரியும், சத்தம் மட்டும் வராது. லிப் என்றால் ஹேமரூபாதான், அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேர் வாங்கினேன். ஹேமரூபா என்பதும் அவர்கள் கொடுத்த பேர்தான், கோவில்பட்டியில் நான் வடிவு.

குரல் கோமதியுடையது. எனக்குப் பேச்சும் அவள்தான், பாட்டும் அவள்தான். ஒரே ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம், 'கலங்கரை வீடு' வெற்றி விழாவில். ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்தாள். "தண்ணியக் கொஞ்சம் இப்படி நகத்துறீங்களா?" என்று என்னிடம் கேட்டாள். அந்தக் குரல் கேட்டதும் முன்வரிசை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது, அவளை ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் வர நியாயம் இல்லை, அவளுக்குத்தான் என் மேல் வந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது எனக்குத்தான். சில வருஷம் முன்னால் அவள் போய்ச் சேர்ந்தாள். மாலை வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் நின்ற பெண்கள் அவள் புருஷனை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "உங்க குரல் போயிடுச்சேம்மா, இனிமே எங்கம்மா கேக்கப் போறோம்," என்றாள் ஒருத்தி, என் தோளில் சாய்ந்துகொண்டு. என் குரல் எங்கேயும் போகவில்லையடி, இதோ இங்கேதான் கிடக்கிறது, யாரும் கேட்கத்தான் இல்லை. சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் தெரிந்துவிடும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். பெட்டியில் படிக்கட்டுப் பாட்டு முடிகிறது, கைதட்டல் கொட்டுகிறது. ஜெயக்கொடி கன்னத்தில் கோடு வரைகிறாள், என் சொந்தக் கோடுகளுக்குப் பக்கத்திலேயே. நான் ஏன் கோமதியை நினைக்கிறேன், இன்றைக்கு அவளை நினைக்கவே கூடாது. தாரிணியை நினைக்க வேண்டும்.

என் மகள் தாரிணி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், நடைபாதையை ஒட்டி. பெங்களூரிலிருந்து காலையில்தான் வந்தாள். "எதுக்கும்மா உனக்கு இந்த வயசுல? உன் குரல் உனக்கே தெரியாதா? வீடியோ எடுத்துப் போட்டுக் கிழிச்சிருவாங்கம்மா," என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்கிறவள் இல்லை, பயத்தில் சொன்னாள். கைக்குழந்தையாக இருந்தபோது நான் பாடினால் வீறிட்டு அழுவாள். டேப் ரெக்கார்டரில் 'கண்ணசராதே விளக்கே' போட்டால்தான் அடங்குவாள். தூங்காதே என்கிற பாட்டைக் கேட்டு என் வீட்டில் ஒரு குழந்தை தூங்கியது. கேசட் தேய்ந்து தேய்ந்து இழுக்க ஆரம்பித்தது, இன்னொன்று வாங்கினேன். வேலைக்காரப் பெண்ணுக்குக்கூட எந்தப் பக்கம் எந்த இடத்தில் வரும் என்று தெரியும். பேச்சு வந்த பிறகு ஒரு நாள் மத்தியானம் கரண்ட் இல்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டு ரொம்பத் தணிந்த குரலில் பாட ஆரம்பித்தேன். பிஞ்சுக் கையைத் தூக்கி என் வாயைப் பொத்தினாள். "நீ வேணாம். அந்த அம்மா பாடட்டும்." அந்த அம்மா என்று டேப் ரெக்கார்டரைக் காட்டினாள். அவளுக்கு இது ஞாபகமே இருக்காது. இருக்க வேண்டாம். அந்தக் கை எவ்வளவு சின்னது, எவ்வளவு சூடாக இருந்தது, அதில் பிஸ்கட் வாசனை அடித்தது என்பதெல்லாம் எனக்கு இருந்தால் போதும். நாடகம் ஓடட்டும், ஓடாமல் மூன்றாம் நாளே மூட்டை கட்டட்டும், எனக்கு ஒன்றுதான் வேண்டும். என் குழந்தை கையை மடியில் வைத்துக்கொண்டு, என் வாயைப் பொத்த முடியாத தூரத்தில் உட்கார்ந்து, நான் பாடுவதை ஒரே ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டும். பிடிக்காவிட்டால் பரவாயில்லை. கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பாட முடியும் என்று எனக்குத் தெரியும். ஒத்திகையில் தினமும் பாடினேன். திருமாறன் மற்ற வாத்தியம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு ஹார்மோனியத்தின் ரீங்காரத்தை மட்டும் வைத்தான். காலி அரங்கில் என் குரல் போய்ப் பின்சுவரில் இடித்துத் திரும்பி வந்தது, கரகரவென்று, எனக்கே யாரோ போலிருந்தது. முதல் நாள் பாடி முடித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெயக்கொடி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மிருதுளா வந்து காலைத் தொட்டாள். அப்புறம் எதற்கு இந்த வேர்வை. காலையில் பூஜையில் பூசணிக்காயின் மேல் வைத்த கற்பூரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அணைந்துபோனது, அதனால் இருக்கும். ஃபேனைப் போட்டது யார் என்று செல்வநாயகம் கத்தினார், மறுபடி ஏற்றினார்கள், எல்லோரும் பார்க்காதது போல இருந்தோம். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இல்லை என்றால் ஏன் அந்த அணைந்த திரி மாதிரிக் கறுப்புத் துண்டு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அது இல்லை காரணம். காரணம் சாயங்காலம் நடந்தது. ஜெயக்கொடியிடம் காபியில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், நடையில் யாருடைய போனோ அடித்தது, கோமதி, ரிங்டோனில் கோமதி, 'கண்ணசராதே விளக்கே, கரை தெரியட்டும் அவனுக்கே'. போனை எடுத்துவிட்டார்கள், சில விநாடிகூட இருக்காது. ஜெயக்கொடி என் முகத்தைப் பார்த்தபடி, "என்னம்மா சொன்னீங்க, வாய் மட்டும் அசையுது, கேக்கலயே," என்றாள். சளி, என்று கனைத்துக்கொண்டேன். சளிதான். ஜூன் மாசம் புழுக்கத்தில் யாருக்குத்தான் சளி இல்லை.

அதனால்தான் இடைவேளையில் செல்வநாயகத்திடம் கேட்டேன். "கடைசிப் பாட்டுக்கு முன்னாடி மட்டும் ஒரு அறிவிப்பு குடுங்க சார், தயவுசெய்து கூடப் பாடாதீர்கள்னு." அவர் நான் ஏதோ வேடிக்கை சொன்னது போலச் சிரித்தார். "காசு குடுத்து வந்த ஜனத்தை வாய மூடச் சொல்லலாமா மேடம்? அவங்க பாடறதுக்குத்தான் வந்திருக்காங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, பெரிய உதவி செய்கிறவர் போல, "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. ஒரிஜினல் ட்ராக்க சவுண்ட் மேசையில ரெடியா வெச்சிருக்கேன். நீங்க ஒரு நிமிஷம் திணறினா போதும், கோமதியம்மா வந்துருவாங்க." வந்துருவாங்களாமே. செத்தவளை வாசலில் நிற்க வைத்திருக்கிறார். திருமாறனுக்குத் தெரிந்ததும் ஓடி வந்தான், முகம் சிவந்துபோய். "நான் இருக்கற வரைக்கும் ட்ராக் வராது மேடம். நானே போய் அந்த மேசைகிட்ட நிக்கறேன், யாரையும் தொட விடமாட்டேன். நீங்க பாடுங்க." நல்ல பிள்ளை. அவன் அந்த மேசையைக் காவல் காப்பான். எனக்கு அதுதானே வேண்டும், மேசையிலிருந்து அவள் வராமல் இருந்தால் போதும். பெட்டியில் ஜனங்கள் அடுத்த பாட்டையும் பாடுகிறார்கள், இப்போது முனகல் இல்லை, வாய்விட்டே பாடுகிறார்கள், மிருதுளா எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை. "ரெடியாம்மா, கூப்பிடறாங்க," என்கிறாள் ஜெயக்கொடி.

நடை நீளமாக இருக்கிறது. பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் இருட்டு, பெயிண்ட் வாசனை, கயிறு வாசனை, மடித்துப் போட்ட கடல் காலில் தட்டுகிறது. மிருதுளா உள்ளே வருகிறாள், மூச்சு வாங்க, என் கையைப் பிடித்துக்கொண்டு, "செம கூட்டம் ஆன்ட்டி! நாம பாடவே வேண்டாம், அவங்களே பாடிடறாங்க," என்று சிரிக்கிறாள். அவள் கை ஈரமாக இருக்கிறது. நான் உள்ளே போகிறேன். விளக்கு மேடை, பொய் விளக்கு, அதன் மேல் ஒரே ஒரு வெளிச்சம். ஹார்மோனியம் இழுக்கிறது, எனக்காக இழுக்கிறது. எத்தனை அமைதி. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்திருக்கிறார்கள். தாரிணி தெரிகிறாள், மூன்றாவது வரிசை, கை மடியில் இருக்கிறது, நான் கேட்டபடியே மடியில் இருக்கிறது. வடிவு, பாடு. "கண்ணசரா..." என் குரல் வெளியே போகிறது. கரகரவென்று, தடித்து, என்னுடையது, அரங்கம் முழுக்கப் போகிறது. ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அடுத்த எழுத்துக்கு மூச்செடுக்கிறேன், அந்த ஒரு மூச்சு இடைவெளியில் பின்னால் எங்கிருந்தோ ஒரு வயதான பெண்குரல் எடுக்கிறது, "...தே விளக்கே". பிறகு பத்துப் பேர். பிறகு எல்லோரும். கோமதி எங்கே இழுத்தாளோ அங்கே இழுக்கிறார்கள், எங்கே ஒரு சின்ன விம்மல் வைத்தாளோ அங்கே விம்முகிறார்கள், ஆண்களும்கூட. மேசையிலிருந்து அவள் வரவில்லை. எதிரே இருந்து வருகிறாள், அத்தனை வாய் வழியாகவும் வருகிறாள். பாடு, பாடு, நீயும் பாடு. தொண்டையில் பூட்டு விழுகிறது. எனக்குத் தெரிகிறது, கேட்கவே கேட்கிறது, கடற்கரை மணலில் நாக்ரா சுழல்கிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது. நரம்பு புடைக்கிறது. உதடு ஒவ்வொரு எழுத்துக்கும் சரியாகப் பிரிகிறது. லிப் போகவில்லை மாஸ்டர், ஒரு இடத்தில்கூடப் போகவில்லை. நான் திணறவில்லை, அதனால் யாரும் ஓடி வரமாட்டார்கள். தாரிணி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், குழந்தையில் மூடியது போலவே, மூடியபடி அவளும் பாடிக்கொண்டிருக்கிறாள். கண்ணைத் திறடி. திறந்து என் வாயைப் பார்.

எழுந்து நின்று தட்டுகிறார்கள். திரையை இறக்கித் தூக்கி மறுபடி இறக்கித் தூக்குகிறார்கள். திருமாறன் மேடைக்கே ஓடி வருகிறான், கண்ணெல்லாம் தண்ணீர். "ட்ராக்கைத் தொடவே விடல மேடம்! அவ்வளவும் உங்க குரல், அவ்வளவு பேருக்கும் நடுவுல உங்க குரல்!" அவன் ராத்திரி நிம்மதியாகத் தூங்குவான். செல்வநாயகம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு யாரிடமோ போனில் பேசிக்கொண்டே என்னைப் பார்த்துக் கையை உயர்த்துகிறார். மதுரை, கோயம்புத்தூர், அப்புறம் சிங்கப்பூர் என்பது காதில் விழுகிறது, வருஷக்கணக்கில் ஓடும் என்பது விழுகிறது. ஓடும், எனக்கும் தெரியும். நாளைக்குச் சாயங்காலமும் வருவார்கள், பாடுவதற்கு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாரிணி வருகிறாள், மூக்கு சிவந்திருக்கிறது, என் ரெண்டு கையையும் பிடித்துக்கொள்கிறாள். "சாரிம்மா, நான் என்னென்னவோ சொன்னேன். நீ இப்படிப் பாடுவேன்னு எனக்குத் தெரியவே தெரியாது. இத்தனை பேர் பாடியும் உன் குரல் தனியாக் கேட்டுச்சும்மா. அப்படியே அந்தக் கேசட்ல கேட்ட மாதிரியே இருந்துச்சு." அவள் முகத்தைப் பார்க்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள். ஏதாவது சொல்லும்மா என்கிறாள். வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். தலையை மட்டும் ஆட்டுகிறேன்.